பெருஞ்சாத்தங்குடியில் வெளிச்சம்

கூட்ட அறையின் மேற்குச் சுவர் முழுவதையும் இரவு அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே பிற்பகல் வெயில் எதுவுமே நடவாததுபோல் காய்ந்துகொண்டிருக்க, படம் துலக்கமாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். அவற்றின் விளிம்பில் கசிந்த பகல் அந்தச் சுவரின் இரவைத் தொடமுடியாமல் தரையிலேயே கிடந்தது. நள்ளிரவுக்குப் பின் செயற்கைக்கோள் தமிழ்நாட்டின் மேலாகக் கடந்துபோகையில் எடுத்த படம் அது. அபயாம்பிகை இத்தகைய படங்களோடு தன் உத்தியோக வாழ்க்கை முழுவதையும் கழித்தவள். ஆயினும் ஒவ்வொரு முறையும் முதல் பார்வையில் அவளுக்குள் ஏதோ ஒன்று பின்வாங்கும். மனிதர்கள் வாழும் இடங்கள் என்று அறிவு சொல்லும். கண்ணோ அதை ஈரச் சுவரில் பூத்த பூஞ்சணம் என்றே காணும். சென்னை நடுவில் வெளுத்து ஓரங்களில் மஞ்சளாகப் பிசுபிசுத்திருந்தது. அங்கிருந்து தெற்கே புறப்பட்ட சாலைகள், நோய் பரவும் நரம்புகள்போல், ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு இறங்கின. இறங்கி, விழுப்புரம் தாண்டிச் சற்று தூரத்தில் சட்டென்று இல்லாமற்போயின. அதற்குக் கீழே ஈரக் கையால் யாரோ பலகையைத் துடைத்துவிட்டதுபோல் ஒரு கருமை. புயல் கரையேறிப் போன தடம் அது. அந்தக் கருமையின் நட்டநடுவே, துடைத்த கைக்குத் தப்பிவிட்டதுபோல், ஒரே ஒரு வெளிச்சம். அதைக் காலையில் பார்த்தபோது அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருஞ்சாத்தங்குடி. ஊரில் கரண்ட் இருக்கிறது. அக்காள் மூச்சு விடுகிறாள்.

இணை ஆணையர் இன்பசேகரன் அமைச்சரின் அறைக்குப் போயிருந்தார். அவர் திரும்பிவந்து ஊர்களின் வரிசையைப் படித்து ஒப்புதல் கொடுத்ததும், திருச்சிக் கிடங்கின் வாசலில் ஜெனரேட்டர்களை ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரிகள் ஒவ்வொன்றும் அதற்குரிய அரசு மருத்துவமனையை நோக்கிப் புறப்படும். எந்த ஊர் முழுவதும் இருண்டதோ அதற்கு முதலில். பாதி இருண்டதற்கு அப்புறம். வெளிச்சமுள்ள ஊருக்கு இல்லை. நியாயமான ஏற்பாடு. ஜெனரேட்டர்கள் குறைவு, இருண்ட ஊர்கள் அதிகம், தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன, மின்வாரியத்தின் அந்தப் பக்கத்து எண்கள் ஒன்றும் எடுக்கப்படவில்லை. வானத்திலிருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. மேசையைச் சுற்றி அதிகாரிகள் கைப்பேசிகளில் தலைகுனிந்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். காத்திருக்கும் நேரத்தில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல்தான் அந்த வெளிச்சத்தை மறுபடி பார்த்தாள். பார்த்தவள் ஒரு சின்ன அசௌகரியத்தை உணர்ந்தாள், செருப்புக்குள் நுழைந்த மணல்போல. நன்றாகத்தானே இருக்கிறது? நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது. ஊரின் வெளிச்சத்தை அவள் அறிவாள். எத்தனையோ மாதங்களின் படங்களில், பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்துவிட்டிருக்கிறாள். கும்பகோணத்தின் பக்கத்தில் வைத்தால் காணாமற்போகும் ஒரு பொட்டு. இந்த அளவுக்கு அது என்றைக்கும் இருந்ததில்லை.

பார்க்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். எழுதிவைத்த விதி அன்று. முன்னொரு வெள்ளத்தில் ஒருவர் தம் மாமனார் ஊரை வரிசையில் இரண்டு படி மேலே ஏற்றிவிட்டார் என்று பேச்சு எழுந்து, அது விசாரணை வரை போனபிறகு, தத்தம் சொந்த ஊர்ப் பகுதியைத் தாமே மதிப்பிடுவதில்லை என்று எல்லாருமாக ஏற்படுத்திக்கொண்டது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததில் அவளுக்கும் பங்குண்டு. உள்ளூரப் பெருமையும் உண்டு. ஆகவே காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதியைக் காலையில் தனக்குக் கீழ் வேலைபார்க்கும் பூபதியிடம் தள்ளினாள். பூபதி காங்கேயத்துக்காரன், கணக்கில் புலி, கடலையே திருமணத்துக்குப் பிறகுதான் பார்த்தவன். அவனுக்கு அந்த ஊர் சில கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். எண் குறையவில்லை; ஆகவே மின்சாரம் இருக்கிறது; ஆகவே வரிசையில் இல்லை. பெருஞ்சாத்தங்குடியை வரிசையிலிருந்து எடுத்தாகிவிட்டது என்று அவன் வந்து சொன்னபோது, நீ சொன்னால் சரி என்று அவள் மகிழ்ச்சியோடு சொன்னாள். அந்த மகிழ்ச்சியின் சுவை இப்போது நாக்கின் அடியில் கசக்கத் தொடங்கியது. எண் குறையவில்லை. எவ்வளவு கூடியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. புயலுக்குப் பின் ஓர் ஊரின் வெளிச்சம் கூடுமா என்று யார் கேட்பார்கள்?

அக்காள் சௌந்தரநாயகிக்கு நுரையீரல் காய்ந்துகொண்டு வந்தது. தேங்காய் நார்போல் ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னதை அவளே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கூடத்தின் மூலையில் நிற்கும் ஆக்ஸிஜன் மெஷினிலிருந்து ஒரு நீளக் குழாய் அவள் மூக்குக்கு வரும். அந்தக் குழாய் சமையலறை மேடை வரை எட்டும், கொல்லைக்கு எட்டாது. எங்க வீட்டு நாய்க்குக்கூட என்னைவிட நீளச் சங்கிலிடீ என்பாள். போன பொங்கலுக்கு அபயாம்பிகை ஊருக்குப் போயிருந்தபோது, கைப்பேசியில் இந்த மாதிரி ஒரு படத்தைக் காட்டி, இதுதான் அக்கா நம்ம ஊர் என்று விரலால் தொட்டாள். அக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். குழாயின் சீறல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்: "ஏண்டி, விளக்கு எரிஞ்சாத்தான் நாங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரியுமா? அணைச்சுட்டுப் படுத்துட்டா செத்துப்போனதா கணக்கா?" அத்தான் தியாகராசன் ஊஞ்சலில் இருந்தபடி, நீ அணைச்சாலும் உன் வாய் எரியும், அது தெரியும் என்றார். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அத்தான் எழுந்துபோய் மெஷினின் குமிழைத் திருகவேண்டிவந்தது. அந்த மெஷின் கரண்ட் இல்லாவிட்டால் இன்வெர்ட்டரில் ஓடும். இன்வெர்ட்டர் தீர்ந்தால் கட்டிலுக்குப் பின்னால் ஒரு சிலிண்டர். சிலிண்டர் தீர்ந்தால் இரண்டு தெரு தாண்டி அரசு மருத்துவமனை. அங்கே கரண்ட் இல்லாவிட்டால். அவள் மனம் அந்த இடத்தில் மாடுபோல் கால் ஊன்றி நின்றது. எத்தனை மணி நேரம், எதற்குப் பின் எது என்று கணக்குப் போடக் கூடாது. போட்டால் அந்தக் கணக்கு ஓர் இடத்தில் முடிந்துவிடும். கரண்ட்தான் இருக்கிறதே. சுவரில் தெரிகிறதே. இத்தனை பெரிதாக.

தேநீர் வந்தது. அவள் கோப்பையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். ஊரின் வெளிச்சம் என்றால் எந்த வெளிச்சம்? கடைத்தெருவின் குழல்விளக்குகளா, கோயில் கோபுரத்து விளக்கா, பேருந்து நிலையத்தில் அவளுடைய கல்லூரிக் காலத்தில் நட்ட உயரக் கம்பமா? இவை எல்லாம் சேர்ந்தும் ஊரின் வெளிச்சத்தில் பாதிகூட இராது. மறுபாதி ஊருக்குக் கிழக்கே, எண்ணெய்க் கம்பெனியின் வளாகத்தில், ஒரு நெட்டைக் குழாயின் முனையில் பகலும் இரவும் எரிந்துகொண்டிருந்த நெருப்பு. பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயுவில் குழாய் வழியே அனுப்பியது போக மிஞ்சியதை அங்கே எரித்தார்கள். அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் அது வந்தது. வந்ததிலிருந்து ஊருக்கு இருட்டு என்பது முழுதாக இல்லாமற்போயிற்று. கிழக்கு ஜன்னலை மூடினாலும் இடுக்கு வழியாகச் சிவப்பு வரும். கம்பெனி நெருப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கோப்பையை வைத்தாள். சத்தம் சற்றுப் பலமாகவே கேட்டிருக்கவேண்டும். எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நெருப்பு. நெருப்புக்குக் கரண்ட் வேண்டாம். கம்பங்கள் சாய்ந்தாலும், கம்பிகள் அறுந்து வயலில் கிடந்தாலும், கடைத்தெருவே மூழ்கினாலும் அது எரியும். இத்தனை எளிய செய்தி காலையிலிருந்து எங்கே போய் ஒளிந்திருந்தது? ஒளியவில்லை. அவள்தான் பூபதியிடம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், நேர்மையாக.

ஆனாலும் நெருப்பு என்றைக்கும் இருந்ததுதானே. ஊர் விளக்குகள் போய் நெருப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் பொட்டு சிறுத்திருக்கவேண்டும், இதுவோ பெருத்திருக்கிறது. அப்படியானால் விளக்குகளும் இருக்கின்றன. இருக்கட்டும், இருக்கட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உடனே வேறொன்று, கிணற்றின் அடியிலிருந்து குமிழி வருவதுபோல் வந்தது. கரண்ட் போகிற நாளில் கம்பெனி நெருப்பு வளரும். யார் சொன்னது? வடக்குத் தெருவில் சொல்வார்கள். வாயுவை வாங்கிக் கரண்ட் செய்கிற நிலையம் புயல்காற்றில் நின்றுபோனால், வாங்க ஆளில்லாத வாயுவை எல்லாம் இங்கேயே கொளுத்துகிறான், அதனால் நெருப்பு பனைமர உயரத்துக்குப் போகிறது என்று, கம்பெனியில் காவலுக்குப் போன வீடுகளில் பேசிக்கொள்வார்கள். கோயில் தெருவில் வேறு மாதிரி: நெருப்பு வளர்ந்தால் மழை வரும், அது பூமியின் சூடு, மழை தணிக்கிறவரை இறங்காது என்று. தெற்குத் தெருக்காரர்கள் மழையையும் சொல்லமாட்டார்கள், கரண்டையும் சொல்லமாட்டார்கள். நெருப்பு வளர்கிற இரவில் ஊரில் ஒரு சாவு விழும் என்பார்கள். ஒரே செய்தியைத்தான் மூன்று தெருவும் மூன்று விதமாகச் சொல்லியிருக்கின்றன: புயல் வருகிறது, மின்நிலையம் நிற்கிறது, ஊர் இருள்கிறது, நெருப்பு எழுகிறது, நோயாளி ஒருவர் விடிவதற்குள் போய்விடுகிறார். அவள் அந்த மூன்றாவதை நெருங்கியதும் விலகி ஓடினாள். முதல் இரண்டே போதும். முதல் இரண்டின்படி, சுவரில் தெரிகிற அத்தனை வெளிச்சமும் இருட்டு. எவ்வளவு பெரிதோ அவ்வளவு இருட்டு.

பூபதி கையில் மடிக்கணினியோடு உள்ளே வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மேடம் முகமெல்லாம் ஏனுங்க இப்படி வேர்த்திருக்கு, ஏசியைக் கூட்டச் சொல்லட்டுமா என்றான். பெருஞ்சாத்தங்குடியின் எண் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அவள் கேட்டாள். அவன் தட்டிப் பார்த்து, போன மாதத்தைப்போல் நாலு பங்கு என்றான். அதைச் சொல்கையில் அவன் குரலில் கலக்கம் இல்லை. அதற்கு அவனிடம் காரணமும் இருந்தது: வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும், மேலே மெல்லிய மேகமும் இருக்கிறது, இதுபோல் கேரள வெள்ளத்தின்போதுகூடப் பார்த்திருப்பதாக. சரியான காரணம்தான். அவளே அவனுக்குக் கற்பித்த காரணம். நாலு பங்கா? ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். நெருப்பைப் பற்றிச் சொன்னாள். அவன் கண்களை அகல விரித்தான். ஊருக்குள்ள அப்படியொண்ணு எரியுதுங்களா, யாருமே சொல்லலீங்களே என்றான். யார் சொல்வது? சொல்லத் தெரிந்த ஒரே ஆள் சொல்லக்கூடாத ஆள். அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "மேடம், உங்க அக்கா அங்கதானுங்களே இருக்காங்க?" அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. அவன் அவள்மேல் மரியாதை வைத்திருந்தான். அதனாலேயே அது அவளைத் துளைத்தது. நாளை இந்த அறையில் ஒருவர் மற்றவரிடம் இதே கேள்வியை, இதைவிடத் தாழ்ந்த குரலில், கேட்பார்.

இன்பசேகரன் வந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. அவர் உட்காருமுன்பே வாசிக்கச் சொல்லிவிட்டார். பூபதி ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தலையசைத்துக்கொண்டே போனார். அவள் தன் நாக்கு எழும் என்று காத்திருந்தாள். எத்தனை பேர் முன்னிலையில், எத்தனை கூட்டங்களில், ஆதாரம் இல்லாததைச் சொல்லாதீர்கள் என்று அடக்கியிருக்கிறாள். ஆதாரம் என்ன? மூன்று தெருப் பேச்சு. வரிசை கடைசி ஊருக்கு வந்தது. மணல்விளாகம், கடலோரம், இருபது படுக்கை மருத்துவமனை, முழு இருட்டு. அதோடு ஜெனரேட்டர்கள் தீர்ந்தன. அவர் பேனாவை எடுத்தார். "பெருஞ்சாத்தங்குடியில கரண்ட் இல்லை சார்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையது என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. சொன்னாள். நெருப்பு, மின்நிலையம், மிஞ்சும் வாயு, நாலு பங்கு. அவர் பொறுமையாகக் கேட்டார். சுவரைப் பார்த்தார். பிறகு, அது உங்கள் ஊரல்லவா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம், அக்காள் அங்கே இருக்கிறாள், ஆக்ஸிஜனில் இருக்கிறாள் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். நீங்கள் போட்ட வழக்கம்தானம்மா, நீங்கள் சற்று வெளியே இருங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

தாழ்வாரத்தில் பகல் கண்ணைக் குத்தியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வாய்கள் அசைந்தன. பூபதி எழுந்து நின்று, தான் ஒருநாளும் பார்த்திராத ஓர் ஊரின், ஒருநாளும் பார்த்திராத நெருப்பைப் பற்றிக் கைகளை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அக்காளின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அத்தான் எண், அதே பெண். கம்பெனி நெருப்பு எவ்வளவு உயரம் போகும்? பனைமரம் என்பார்கள். அவள் நினைவைத் துழாவினாள். கரண்ட் போன இரவுகள். மேற்குச் சுவரில் கிழக்கு ஜன்னலின் கம்பி நிழல்கள், கறுப்பாக, நேராக, நடுங்கிக்கொண்டு. சுவர் முழுவதும் சிவப்பு. அக்காள் சின்னப்பெண், உள்ளங்கையால் தங்கையின் கண்ணைப் பொத்தி, பார்க்காதேடி, பார்த்தா கனவு வரும் என்கிறாள். நிழல்கள் அன்றைக்கு அதிகக் கறுப்பாக இருந்தன, அது நிச்சயம். ஆனால் வீட்டு விளக்குகள் அணைந்துவிட்டால் எந்த நெருப்பின் நிழலும் கறுப்பாகத்தானே விழும்? நெருப்பு வளர்ந்ததா, மற்றவை அணைந்ததால் வளர்ந்ததுபோல் இருந்ததா? அவள் ஜன்னலைத்தான் பார்த்திருக்கிறாள். சுவரைத்தான் பார்த்திருக்கிறாள். நெருப்பு எழுகிற அந்தக் கணத்தில் அதை நேராகப் பார்த்ததே இல்லை. அக்காளின் கை கண்ணை மூடியிருந்தது. பார்த்தவர்கள் சொல்ல அவள் கேட்டாள். சொன்னவர்களும் கேட்டவர்களாகவே இருந்திருக்கலாம். வடக்குத் தெருவில் முதலில் சொன்னவன் யார், அவன் எங்கே நின்று பார்த்தான்?

கதவு திறந்தது. பூபதி வெளியே வந்து, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்வரை நின்றான். அவன் முகத்தில் அவளுக்காக வாதாடிய களைப்பு இருந்தது.

"மேடம், சார் கிட்டத்தட்ட சரின்னுட்டாருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. கரண்ட் போனா அந்த நெருப்பு பெருசாகும்கறத நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா? இல்ல, ஊர்ல சொல்லிக் கேட்டதுங்களா?"

அந்தக் கேள்வியை அவள் மதித்தாள். அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதையே கேட்டிருப்பாள். அதற்கு வந்த விடையை எடைபோட்டிருப்பாள். கேள்விப்பட்டது என்றால் புன்னகையோடு ஒதுக்கியிருப்பாள். தாழ்வாரத்தின் கோடியில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். சிலிண்டர் தீர்ந்திருக்கும். இல்லை, கணக்குப் போடக் கூடாது. அத்தான் அக்காளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்திருப்பார், இரண்டு தெரு, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வழி நன்றாகவே தெரிந்திருக்கும், மருத்துவமனை வாசலில்.

"பார்த்திருக்கேன்" என்றாள்.

"எத்தனை தடவைங்க?"

"பல தடவை." இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக, ஏறக்குறைய உண்மையின் குரலிலேயே வந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் அதில் அவளால் தாங்கமுடியாமல் இருந்தது.

பூபதியின் முகம் தெளிந்தது. அது போதுங்க மேடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கண்ணாடி வழியே, அவன் குனிந்து அவர் காதில் சொல்வதும், அவர் சிறிது யோசித்துத் தலையசைப்பதும் தெரிந்தன. இருக்கிற லாரிகளில் ஒன்றைத்தான் திருப்பவேண்டும். இன்பசேகரன் மேசையிலிருந்து லேசர் சுட்டுவிளக்கை எடுத்தார். அதன் சிவப்புப் புள்ளி சுவரின் இரவுக்குள் இறங்கி, அந்தப் பெரிய வெளிச்சத்தை ஒருமுறை வட்டமிட்டு, பிறகு கிழக்கே கடலோரமாக நகர்ந்து, தயங்கி, மணல்விளாகத்தின்மேல் நின்றது. அங்கே இருட்டாக இருந்தது; அதில் மட்டும் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.